பள்ளி ‘பல்லி’ ஆனால்: விட்டுவிட்டு வேலை செய்யும் லேப்டாப் கீயை எப்படிச் சரிபார்ப்பது

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கும் அக்கா ஒருவர், லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “தம்பி, எனக்கு இப்போ எழுத்துப்பிழை ரொம்ப வருது, கண்ணு போச்சா கை போச்சான்னு தெரியல” என்றார். அவர் தட்டிய கடிதத்தைத் திறந்து பார்த்தேன். ‘பள்ளி’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது, அதில் மூன்று இடத்தில் ‘பல்லி’. ‘கணக்கு’ ஓர் இடத்தில் ‘கனக்கு’. ‘அறை’ ஓர் இடத்தில் ‘அரை’. மற்ற இடங்களில் எல்லாம் சரி. இருபது வருடமாக ளகர லகரம் தவறாமல் எழுதுகிறவர், இந்தக் கடிதத்தை நான்கு தடவை திருத்தியும் புதுப் பிழை வருகிறதே என்று உண்மையிலேயே மனம் நொந்து போயிருந்தார்.

பிழை அவருடையது இல்லை. இடது பக்க ஷிப்ட் கீயுடையது. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழைத் தட்டும் அஞ்சல் முறையில் பழகியவர்களுக்கு இது உடனே புரியும்: வெறும் ‘எல்’ தட்டினால் ல, ஷிப்டோடு தட்டினால் ள. ணகரத்துக்கும் றகரத்துக்கும் அதே கதைதான். ஷிப்ட் பத்துத் தடவையில் மூன்று தடவை பதியாமல் போனால் திரையில் தெரிவது கெட்டுப்போன கீபோர்டு இல்லை, தமிழ் தெரியாத ஆள் எழுதிய கடிதம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்டால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். தமிழில் வேறொரு நல்ல சொல்லாக மாறி உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் நம் ஆட்கள் பல மாதம் கீபோர்டைச் சந்தேகிக்காமல் தங்களையே சந்தேகிக்கிறார்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். நல்ல பழுதுபார்க்கும் கடை வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும், போக வர அறுபது கிலோமீட்டர் ஆகிவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் கையில் இருப்பது அண்ணனிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வந்த பழைய லேப்டாப். அதில் ஒரு கீ தகராறு செய்தால் முதலில் வரும் பேச்சு “கீபோர்டு போச்சு, மாத்தணும்” என்பதுதான். மாற்றிய பிறகும் அதே தகராறு வந்து, கொடுத்த காசும் போய், அசைன்மென்ட் தேதியும் போய் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு எப்போதும் ஒரு ‘எப்போது’ இருக்கும். முழுதாகச் செத்த கீ எதுவும் சொல்லாது. சில நேரம் மட்டும் வேலை செய்யாத கீ, எந்த நேரம் என்பதிலேயே காரணத்தைச் சொல்லிவிடும். அதைக் கேட்காமல் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

இரண்டு நாள் எழுதி வையுங்கள்

ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். கீ பதியாமல் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி: எந்தக் கீ, மணி என்ன, சார்ஜர் போட்டிருந்ததா, லேப்டாப் அடியில் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, எந்த மென்பொருளில் தட்டிக்கொண்டிருந்தீர்கள், அழுத்தித் தட்டினால் வந்ததா, கீயின் நடுவில் தட்டினீர்களா ஓரத்திலா. கடைசிக் கேள்வியை யாருமே எழுதமாட்டார்கள், ஆனால் அக்காவின் லேப்டாப்பில் விடை அங்கேதான் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து வரிகளை ஒன்றாகப் படியுங்கள். ஒரே ஒரு கீ மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கீக்கு அடியில் தூசியோ பிசுபிசுப்போ உடைந்த கொக்கியோ இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கீ என்றால் ஏதோ கொட்டியிருக்கிறது, அல்லது அடியிலிருந்து ஏதோ அழுத்துகிறது. பக்கத்தில் இல்லாத, தொடர்பே இல்லாததுபோலத் தெரியும் கீகள் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பி வந்தால் அது கீபோர்டை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்புப் பட்டையின் வேலை. எல்லாக் கீயும் ஒன்றாக நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றால் முதலில் மென்பொருளைப் பாருங்கள்.

தொடர்பில்லாத கீகள் எப்படி ஒன்றாகப் போகும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கீக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்கள் சந்திக்கும் இடத்தில்தான் கீ உட்கார்ந்திருக்கிறது, நிரை வரிசையாக நடும் செம்பனை மாதிரி. ஒரு தடம் அறுந்தால் அந்தத் தடத்தில் தொங்கும் கீகள் எல்லாம் போகும், அவை மேலே எங்கே இருந்தாலும் சரி. மூன்று கீயைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்று பதியாமல் போவதும் பல லேப்டாப்புகளில் இந்த அமைப்பால் வருவதுதான். விளையாட்டில் மட்டும் அப்படி ஆகிறதென்றால் அது பழுது இல்லை, விட்டுவிடுங்கள்.

கீயைத் தட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே பிளாஸ்டிக் மூடி, அதன் அடியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்காக மடங்கும் இரண்டு சின்னச் சட்டங்கள், நடுவில் ஒரு ரப்பர் குமிழ். நம் தோட்டத்துப் பால்மர ரப்பர் இல்லை, பெரும்பாலும் சிலிகான். குமிழுக்கு அடியில் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் தடங்கள் அச்சிட்டிருக்கும், நடுத் தாளில் கீ இருக்கும் இடத்தில் ஓட்டை. குமிழ் அமுங்கும்போது மேல் தடமும் கீழ்த் தடமும் ஓட்டை வழியாகத் தொட்டுக்கொள்கின்றன, எழுத்து விழுகிறது. அந்தத் தொடுதல் சரியாக நடக்காத ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு விதமான ‘எப்போது’.

காசு செலவில்லாத சோதனைகள்

வலது ஷிப்ட் கீயை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதியைப் போடவா என்று கேட்கும். படிக்காமல் என்டர் தட்டிவிட்டால் அது போட்டுக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்த நல்ல வசதி அது, சட்டென்று தட்டும் தட்டலைக் கணக்கில் எடுக்காது. அதனால் மெதுவாகத் தட்டினால் எழுத்து விழும், வேகமாகத் தட்டினால் விழாது, பார்ப்பவருக்கு அச்சாகப் பழுது மாதிரியே தெரியும். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு என்று போய் ஃபில்டர் கீஸும் ஸ்டிக்கி கீஸும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷிப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். சின்னப் பிள்ளை லேப்டாப்பில் விளையாடிய வீட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

நம்பர் லாக் இன்னொன்று. எண்பலகை தனியாக இல்லாத சில பழைய லேப்டாப்புகளில் அது விழுந்துவிட்டால் யூ, ஐ, ஓ கீகள் 4, 5, 6 ஆகவும் ஜே, கே, எல் கீகள் 1, 2, 3 ஆகவும் மாறிவிடும். எழுத்துக்குப் பதில் எண் வந்தால் பழுது இல்லை.

அப்புறம் தமிழ் மாற்றம். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறிவிடும், கை தெரியாமல் பட்டால்கூட. 1985-இல் முரசு என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கொண்டுவந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், அஞ்சல் முறையும் அவர் தந்ததுதான், அதனால் இங்கே பலரும் அதில் பழகியவர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் வந்த தமிழ் 99 முறையில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே லேப்டாப்பை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தி, ஒருவர் முறையில் மற்றவர் தட்டினால் ‘கீ மாறி மாறி வருது’ என்ற புகார் வரும். முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி, நோட்பேடில் சந்தேகப்பட்ட கீயை மட்டும் ஐம்பது தடவை தட்டி எண்ணுங்கள். ஐம்பதுக்கு ஐம்பது விழுந்தால் கோளாறு கீயில் இல்லாமல் இருக்கலாம். நாற்பத்திரண்டுதான் விழுந்தது என்றால் கீதான்.

தமிழிலேயே தட்டிப் பழகியவர்கள் பிழையைப் பார்த்தே எந்தக் கீ என்று சொல்லிவிடலாம், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அஞ்சலில் ஆங்கில ‘ஏ’ கீ தூங்கினால் எழுத்துகள் எல்லாம் புள்ளி வைத்துக்கொள்ளும், ‘அம்மா’ என்பது ‘ம்ம்’ ஆகிவிடும். ஷிப்ட் தூங்கினால் ள, ண, ற மூன்றும் ல, ன, ர ஆகும். தமிழ் 99-இல் புள்ளிக்கான ‘எஃப்’ கீ தூங்கினால் புள்ளிகள் உதிரும், ‘அவர்கள்’ என்பது ‘அவரகள’ ஆகும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு: ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை விழுவது. தடங்கள் தொடும்போது அதிர்ந்து விட்டுவிட்டுத் தொடுவதால் வருவது அது. தமிழ் 99-இல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும், அதனால் ககரத்துக்கான ‘எச்’ கீ இரட்டித்தால் ‘மகள்’ என்று தட்டியது ‘மக்கள்’ என்று வரும். திருமண அழைப்பிதழ் தட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

சரி, இப்போது முக்கியமான சோதனை. வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகுங்கள். சொந்தமாக இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். வெளிக் கீபோர்டில் ஒரு மணி நேரம் தட்டியும் ஒரு பிழையும் இல்லை, உள் கீபோர்டில் உடனே பிழை வருகிறது என்றால் கோளாறு உள் கீபோர்டின் உடம்பில். இரண்டிலும் வருகிறது என்றால் மென்பொருள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் கீபோர்டு வாங்க வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள், திரையில் ஒரு கீபோர்டு வரும். நீங்கள் உண்மைக் கீயைத் தட்டும்போது திரையில் அந்தக் கட்டம் மினுங்கும். கை எடுத்த பிறகும் ஒரு கட்டம் மினுங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கீ உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோலோ ஆல்ட்டோ இப்படிச் சிக்கினால் மற்ற எல்லாக் கீயும் கெட்டதுபோலத் தெரியும், உண்மையில் குற்றவாளி ஒன்றுதான்.

இன்னொரு வழி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே பார்ப்பது. ஸ்டார்ட் மெனுவில் ஷிப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் சொடுக்கினால் நீலத் திரை வரும், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் வழியாக, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயோஸ் என்ற அமைப்புத் திரைக்குப் போகலாம். அங்கே அம்புக் கீகளும் என்டரும் தகராறு செய்தால் விண்டோஸுக்கு இதில் பங்கே இல்லை. பார்க்கத்தான் போகிறோம், அங்கே எதையும் மாற்றிச் சேமிக்க வேண்டாம்.

மென்பொருள் என்று தெரிந்தால் வேலை சுலபம். முதலில் ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருக்கும் விண்டோஸில் ஷட் டவுன் செய்தால் பாதி நினைவை வைத்துக்கொண்டுதான் தூங்கும், ரீஸ்டார்ட்தான் முழுதாக எழுப்பும். அப்படியும் போகாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் கீபோர்ட்ஸ் என்ற இடத்தில் உள்ள கீபோர்டை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். அதற்கும் மசியவில்லையா, லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். கீபோர்டைக் கவனிக்கும் சிப்பின் குழப்பம் சில நேரம் இதில் தெளிந்துவிடும்.

சுத்தம் செய்வது

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடி மழை, ராத்திரியெல்லாம் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தில் கீபோர்டுக்குள் இருக்கும் பிஸ்கட் தூளும் முறுக்குத் தூளும் கையின் எண்ணெயும் பசை மாதிரி ஆகிவிடும். குறிப்பேட்டில் ‘காலையில் வரவில்லை, பத்து மணிக்கு மேல் வந்தது’ என்றோ ‘மழைக்குப் பின் வரவில்லை’ என்றோ இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். லேப்டாப்பைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து முதுகில் மெதுவாகத் தட்டுங்கள். கீழே வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் என்ன விழுகிறது என்று தெரியும், அதுவே பாதிச் செய்தி. அப்புறம், அழுத்திக் காற்றடைத்து விற்கும் டப்பா. டப்பாவை நிமிர்த்திப் பிடித்துச் சின்னச் சின்னதாக அடிக்க வேண்டும், கவிழ்த்து அடித்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து வெளியே வந்துவிடும். லேப்டாப்பைச் சரித்துப் பிடித்து, இடமிருந்து வலமாக, பிறகு திருப்பி மறுபக்கம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொண்டுவராதீர்கள், அது ஈரத்தையும் எண்ணெயையும் சேர்த்து அடிக்கும், மூடியையும் பிய்த்துவிடும்.

பிசுபிசுப்புக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல், 99 கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபார்மசியில் கேளுங்கள். பஞ்சுக்குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கீயின் ஓரத்தைச் சுற்றித் துடைத்து, கீயை இருபது முப்பது தடவை அழுத்தி விட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கைகழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் பிசுபிசுப்பான பொருள்கள் கலந்திருக்கும். டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் படலம் விட்டுத் தூசியை இழுக்கும். முடி உலர்த்தும் சாதனத்தைச் சூடாக வைத்துக் காட்டவும் வேண்டாம், உள்ளே இருக்கும் சட்டங்கள் வளைந்துவிடும்.

எறும்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லயத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பில் இதை நான் பார்க்காத வருடம் இல்லை. தூள் இருக்கும் இடத்துக்குச் சின்ன எறும்பு வரும், உள்ளே கதகதப்பாக இருந்தால் அங்கேயே தங்கிவிடும். பூச்சிமருந்தைக் கீபோர்டுக்குள் அடித்துவிடாதீர்கள், அந்த எண்ணெய் எறும்பைவிட அதிகம் கெடுக்கும். லேப்டாப்பை அணைத்து, நான்கு பக்கமும் தண்ணீர் உள்ள தட்டின் நடுவில் ஒரு டப்பாமேல் உயர்த்தி வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், ஒரு தம்பி அப்படி வைத்து லேப்டாப்பே தண்ணீரில் விழுந்தது. இனிப்பு எதையாவது மேசையின் மறு ஓரத்தில் வைத்தால் அவை ஒரு ராத்திரியில் தானே நகர்ந்துவிடும். மறுநாள் தூளைச் சுத்தம் செய்தால் திரும்ப வராது.

தே தாரேக் என்ற ஆற்றிய பால் தேநீரோ மைலோவோ கொட்டிவிட்டால் இது எதுவும் இல்லை, வேறு சட்டம். அந்த வினாடியே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சேமிக்கிறேன் என்று நிற்காதீர்கள். சார்ஜரைக் கழற்றி, திறந்த நிலையில் கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் பயன் இல்லை, அரிசித் தூள் உள்ளே போவதுதான் மிச்சம். குறைந்தது இரண்டு நாள் போடாதீர்கள். வெறும் தண்ணீர் காய்ந்துவிடும். பாலும் சீனியும் காயாது, ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுத்து, தாளில் அச்சிட்ட தடங்களை மெல்ல மெல்லக் கருக்கும். அதனால்தான் கொட்டி மூன்று வாரம் நன்றாக வேலை செய்த கீபோர்டு நான்காவது வாரம் விட்டுவிட்டு வேலை செய்யும். அந்த மூன்று தாள்களும் ஒட்டி மூடியவை, பிரித்துத் துடைத்துச் சரிசெய்வது வீட்டு வேலை இல்லை. கொட்டிய கீபோர்டுக்கு மாற்றம்தான் நேர்மையான பதில்.

மூடியைக் கழற்றுவது, அக்காவின் ஷிப்ட்

ஒரே கீ, துடைத்தும் தீரவில்லை என்றால் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். முதலில் போனில் படம் எடுங்கள். பழைய டெலிபோன் கார்டு மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை ஒரு மூலையில் நுழைத்து, மிக மெதுவாக நெம்புங்கள். எந்தப் பக்கம் கொக்கி என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும், ஒரு பக்கம் வராவிட்டால் பலம் கொடுக்காமல் அடுத்த பக்கம் போங்கள். கத்தரிச் சட்டத்தின் காது உடைந்தால் அது திரும்ப ஒட்டாது. முதல் தடவை செய்கிறவர்கள் அதிகம் தேவைப்படாத ஒரு கீயில் பழகிவிட்டுப் பிறகு ‘ஏ’ கீக்கு வாருங்கள்.

ஷிப்ட், ஸ்பேஸ், என்டர் மாதிரி நீளக் கீகளுக்கு உள்ளே ஒரு மெல்லிய இரும்புக் கம்பியும் இருக்கும். எந்த ஓரத்தில் தட்டினாலும் கீ சமமாக இறங்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அக்காவின் லேப்டாப்பில் நான் சோதித்தபோது ஷிப்ட் ஐம்பதுக்கு ஐம்பது பதிந்தது, எனக்கே புரியவில்லை. அப்புறம் அவரையே தட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சுண்டு விரலால் ஷிப்டின் இடது ஓரத்தைத் தொடுகிறார். நான் நடுவில் அழுத்தியிருந்தேன். கம்பியின் ஒரு முனை கொக்கியிலிருந்து நழுவியிருந்ததால் ஓரத்தில் அழுத்தும்போது மூடி சாய்ந்தது, நடுவில் இருக்கும் ரப்பர் குமிழ் அமுங்கவில்லை. கம்பியைக் கொக்கியில் மாட்டி மூடியை அழுத்தி வைத்ததும் சரியாகிவிட்டது. செலவு ஒன்றும் இல்லை. பழுதைத் தேடும்போது நீங்கள் தட்டுவதைவிட அந்த லேப்டாப்பின் சொந்தக்காரர் தட்டுவதைப் பாருங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் கை மேக்புக் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 முதல் 2019 வரை வந்த பல மேக்புக்குகளில் கத்தரிச் சட்டத்துக்குப் பதில் பட்டர்ஃபிளை என்ற மெல்லிய அமைப்பு இருக்கிறது. சின்னத் தூசிக்கே கீ பதியாமலோ இரட்டித்தோ போவதால் 2018-இல் ஆப்பிளே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அந்த மூடியை வீட்டில் நெம்பாதீர்கள், காற்று மட்டும் அடியுங்கள்.

கீழிருந்து அழுத்துவது எது

இதைப் படித்துவிட்டு மேலே எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். நடுப்பகுதிக் கீகள் தகராறு செய்கின்றன, சார்ஜ் போட்டுச் சூடானால் அதிகமாகிறது, டச்பேட் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, மூடினால் சமமாக மூடவில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அது கீபோர்டை அடியிலிருந்து தள்ளுகிறது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், தள்ளி உள்ளே அமுக்கப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். பிள்ளை படுக்கையில் வைத்துப் படிக்கிற பொருள் இது. பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். இங்கே பழுது கீபோர்டில் இல்லவே இல்லை, பேட்டரியை மாற்றினாலே கீகள் பலவும் திரும்பி வந்துவிடும்.

தொடர்பில்லாத கீகள் ஒன்றாகப் போவது, அல்லது திரையைத் திறந்து மூடும்போதும் லேப்டாப்பைத் தூக்கும்போதும் போவது என்றால் இணைப்புப் பட்டை. நாடா மாதிரி தட்டையாக இருக்கும், மதர்போர்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாளுக்குள் செருகியிருக்கும். மோட்டார் கூடையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் குலுங்கி வரும் லேப்டாப்பில் அது தளர்வது ஆச்சரியம் இல்லை. திறக்கத் தெரிந்தவர்கள் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தாழ்ப்பாளை நகத்தால் தூக்கி, பட்டையை எடுத்து, முனையை ஆல்கஹாலால் துடைத்து, நேராகச் செருகி மூடுங்கள். அந்தத் தாழ்ப்பாள் தீக்குச்சியைவிட மெல்லியது, உடைந்தால் கதை நீளும். இதற்கு முன் லேப்டாப் திறந்ததே இல்லை என்றால் இந்த வேலையைக் கடைக்கு விடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நாளைக்கே அசைன்மென்ட் என்றால்

கடைக்குப் போக நேரம் இல்லை, பழுது மட்டும் தெரிந்துவிட்டது. 20, 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிச் செருகுவது எல்லாவற்றையும்விட நிம்மதி. அதுவும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதில் கேப்ஸ் லாக்கை ‘ஏ’ ஆக மாற்றிவிடலாம். பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரையில் அது வேலை செய்யாது, அங்கே மூலையில் உள்ள அக்சசிபிலிட்டி படத்தைச் சொடுக்கினால் திரைக் கீபோர்டு வரும். தமிழில் தட்ட வேண்டியதைப் போனில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் தட்டி உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும் நல்ல வழிதான். என் தங்கை மகள் ஒரு முழுக் கட்டுரையை அப்படித்தான் முடித்தாள்.

கடைக்குப் போகும்போது அந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். “கீபோர்டு மாத்துங்க” என்று சொல்லாதீர்கள். “வெளிக் கீபோர்டில் பிழை இல்லை, பயோஸிலும் வருகிறது, இந்த ஐந்து கீ ஒன்றாகப் போகிறது, சூடான பிறகுதான்” என்று சொல்லுங்கள். கடைக்கார அண்ணன் யாராக இருந்தாலும் அதற்குப் பிறகு தேவையில்லாத பொருளை மாற்றமாட்டார். கீபோர்டு மட்டும் மாறுமா, மேல் மூடியோடு சேர்ந்துதான் மாறுமா என்று முதலிலேயே கேளுங்கள். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் கீபோர்டை மூடியோடு பிளாஸ்டிக்கால் உருக்கிப் பிடித்திருப்பார்கள், விலையும் வேலையும் இரண்டும் கூடும். பழைய பொருளைத் திருப்பி வாங்குங்கள்.

வாங்கியதும் கடையிலேயே அரை மணி நேரம் லேப்டாப்பைப் போட்டு வைத்து, சூடேறிய பிறகு, நீங்கள் வழக்கமாகத் தட்டும் விரலால், வழக்கமான வேகத்தில், ‘பள்ளிக் கணக்கு அறை’ என்று பத்து வரி தட்டிப் பாருங்கள். ஒரு வரியில் பல்லி வந்தாலும் அங்கேயே காட்டிவிட்டுத் திரும்பக் கொடுங்கள்.